கோலாலம்பூர் வீட்டில் ஆறடி டிஸ்கஸ் தொட்டி: ஃபில்டரும் கருவிகளும் திட்டமிட முழுமையான வழிகாட்டி

டிஸ்கஸ் என்ற தட்டையான வண்ணமீனுக்குப் பெரிய தொட்டி வைக்கப்போகிறேன் என்று சொல்பவர் அடுத்த மூச்சில் கேட்பது, "எந்த ஃபில்டர் வாங்கலாம்?" என்றுதான். அது ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வரவேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் தரை தாங்குமா, தண்ணீர் எங்கிருந்து வரும், அழுக்குத் தண்ணீர் எங்கே போகும், மின்சாரம் போனால் என்ன ஆகும் என்ற நான்குக்கும் பதில் வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு ஃபில்டருக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் வெள்ளியை (ரிங்கிட்டை) கொட்டினால், தெளிவான தண்ணீரில் மீன் கறுத்து மூலையில் ஒதுங்கி நிற்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம். இணையத்தில் கிடைக்கும் டிஸ்கஸ் குறிப்புகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் எழுதியவை. அவர்களுக்குக் குளிரும், தாது மிகுந்த கடின நீரும் பிரச்சினை. அதனால் தாது நீக்கும் ஆர்ஓ இயந்திரம், பெரிய ஹீட்டர், பிஎச் குறைக்கும் மருந்து என்று பட்டியல் போடுவார்கள். நமக்கு நிலைமை நேர்மாறு. குழாயில் வருவதே தாது குறைந்த மென்னீர், வெயிலுக்கும் குறைவில்லை. இங்கே மீனைக் கொல்பவை வேறு: பிஎச் திடீரென்று சரிவது, சூடான நீரில் ஆக்சிஜன் குறைவது, இடி மின்னலில் மின்சாரம் துண்டிக்கப்படுவது, நாள்கணக்கில் தண்ணீர் வெட்டு. இந்த வழிகாட்டி அந்த நான்கையும் மனத்தில் வைத்து எழுதியது.

உதாரணத்துக்கு ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். 180 x 60 x 60 சென்டிமீட்டர். விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பினால் சுமார் 600 லிட்டர். கீழே சம்ப், அதாவது ஃபில்டராக வேலை செய்யும் இன்னொரு சின்னத் தொட்டி, வைத்தால் சுற்றும் நீர் மொத்தம் 700 லிட்டரைத் தாண்டும். கணக்குக்கு 700 என்றே வைத்துக்கொள்வோம். வளர்ந்த டிஸ்கஸ் 12 வரை இதில் நிம்மதியாக வாழும். ஆறுக்குக் குறைவாக வைக்காதீர்கள். இது கூட்டமாக வாழும் மீன். எண்ணிக்கை குறைந்தால் வலியது எளியதைத் துரத்திக்கொண்டே இருக்கும்.

முதல் படி: தரையும் இடமும்

இந்தத் தொட்டிக்கு 12 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டால் கண்ணாடி மட்டுமே ஏறத்தாழ 120 கிலோ. தண்ணீர், இரும்பு ஸ்டாண்டு, சம்ப், அதிலுள்ள நீர் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். அது நிற்கும் பரப்போ ஒரு சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். குடியிருப்புத் தளங்களை வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். அதாவது சுமார் 150 கிலோ. தொட்டி கொடுக்கும் அழுத்தம் அதைப்போல ஐந்தாறு மடங்கு. அதற்காகத் தளம் உடனே இடிந்துவிடாது. அந்த எண் அறை முழுவதும் பரவிய எடைக்கானது. ஆனால் கொண்டோவில் இருப்பவர்கள் அறை நடுவில் வைக்காமல், பீம் ஓடும் சுவரை ஒட்டி, பீமின் நீளவாக்கிலோ இரண்டு பீம்கள் தாங்கும்படியோ வைக்க வேண்டும். கட்டட வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு பொறியாளரிடம் கேட்டுவிடுவது நல்லது. தாமான் வீட்டின் கீழ்த்தளம் என்றால் இந்தக் கவலையே இல்லை. பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளின் மரப்பலகை மாடியில் இதை வைக்க நினைப்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது அழகை மட்டும் பார்க்காதீர்கள். குளியலறையோ பின்கட்டு வடிகாலோ எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். தண்ணீர் மாற்றுவது தொல்லையாக இருந்தால், ஆறே மாதத்தில் நாள் தள்ளிப்போட ஆரம்பித்துவிடுவீர்கள். நேர் வெயில் படாத சுவர், ஏர்கான் காற்று நேரே அடிக்காத இடம், பின்னால் கை நுழைய ஒரு சாண் இடைவெளி. ஸ்டாண்டு உள்ளீடற்ற (ஹாலோ) இரும்புச் சட்டத்திலோ அலுமினியத்திலோ இருக்கட்டும். அழுத்தப்பட்ட மரத்தூள் பலகை நம் ஊர் ஈரத்தில் உப்பிவிடும்.

இரண்டாம் படி: தண்ணீர்

இதுதான் முழுத் திட்டத்தின் இதயம், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

12 மீன்களுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம் உலர்தீனி போடுவதாக வைத்துக்கொள்வோம். அதில் 45 விழுக்காடு புரதம். புரதத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன் என்பதால் 1.4 கிராம் நைட்ரஜன் உள்ளே போகிறது. அதில் 60 விழுக்காடு அமோனியாவாக வெளியே வருகிறது என்று கொண்டால் 0.86 கிராம். 700 லிட்டரில் அது நாளொன்றுக்கு லிட்டருக்கு 1.2 மில்லிகிராம். ஃபில்டரிலுள்ள பாக்டீரியா இதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. நைட்ரேட்டாக எழுதினால் தினமும் லிட்டருக்குச் சுமார் 5.5 மில்லிகிராம் கூடும். இதோடு ஃபில்டரின் வேலை முடிந்தது. நைட்ரேட்டை எந்தச் சாதாரண ஃபில்டரும் அகற்றாது; நீங்கள் வாளியும் குழாயுமாக நின்றால்தான் உண்டு.

எவ்வளவு மாற்ற வேண்டும்? கணக்கு எளிது: இரண்டு மாற்றங்களுக்கு இடையே சேரும் நைட்ரேட்டை, மாற்றும் பங்கால் வகுத்தால் காலப்போக்கில் எட்டும் உச்சம் கிடைக்கும். வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் உச்சம் 150 மில்லிகிராமைத் தாண்டும். வாரம் ஒருமுறை பாதி மாற்றினாலும் 75க்கு மேல். ஒருநாள் விட்டு ஒருநாள் பாதி என்றால் 22. தினமும் 30 விழுக்காடு என்றால் 18. டிஸ்கஸுக்கு 20 அளவில் வைத்திருப்பது நல்லது என்பதால் கடைசி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பினாங்கு வளர்ப்புப் பண்ணைகளில் மணலும் செடியும் இல்லாத வெறுந்தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், தினமும் நிறையத் தண்ணீர் மாற்றம் என்ற முறையில்தான் மீனை வளர்த்தெடுக்கிறார்கள். "பினாங்கு எரப்ஷன்" என்று தீவின் பெயரையே தாங்கி உலகம் முழுக்கப் போன ரகம் விலை உயர்ந்த கருவிகளால் பெயர் வாங்கவில்லை.

பாதி என்றால் 350 லிட்டர். மாதத்துக்கு 5 கன மீட்டருக்குச் சற்று மேல். கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுப் பயன்பாடு மாதம் 20 கன மீட்டரைத் தாண்டினால் கட்டண விகிதம் ஏறும். பெரிய குடும்பம் என்றால் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கேஎச், அதாவது நீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டின் அளவு. பத்துமலைச் சுண்ணாம்புப் பாறையைத் தினமும் பார்ப்பதால் நம் குழாய்நீர் கடின நீராக இருக்கும் என்று சிலர் நினைப்பதுண்டு. குழாயில் வருவது அந்தப் பாறைக்கடியில் இருக்கும் நீரல்ல. சுங்கை சிலாங்கூர் போன்ற ஆறுகள் தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் மலைகளில் பிறப்பவை. அந்த நீரில் கரைந்த தாது குறைவு. பினாங்குக்குப் பெரும்பகுதி நீர் தரும் சுங்கை மூடாவும் மென்னீர்தான். சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டால் அளந்து பாருங்கள். கேஎச் ஒன்று இரண்டு டிகிரி என்று வருவது சாதாரணம்.

இது டிஸ்கஸுக்கு ஏற்றதுதானே என்று சந்தோஷப்படும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற, பாக்டீரியா சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மையைச் செலவழிக்கிறது. நம் தொட்டியில் நாளுக்கு 1.2 மில்லிகிராம் என்றால் தினமும் 9 மில்லிகிராம் கரைகிறது. அது கேஎச் கணக்கில் அரை டிகிரி. குழாய்நீரில் இருப்பதே ஒன்றரை டிகிரி என்றால் மூன்றாவது நாள் கையிருப்பு காலி. ஒருநாள் விட்டு ஒருநாள் பாதி நீர் மாற்றினாலும் இந்தக் கணக்கு ஈடாகாது. கையிருப்பு தீர்ந்ததும் பிஎச் 6க்குக் கீழே சரியும். 6.5க்குக் கீழேயே பாக்டீரியா தளர்ந்துவிடும், 6ஐ நெருங்கும்போது ஏறத்தாழ வேலைநிறுத்தம். அமோனியா தேங்க ஆரம்பிக்கும்.

ஆனால் பிஎச் குறைவாக இருப்பதால் அந்த அமோனியா நஞ்சில்லாத அம்மோனியம் வடிவில் கிடக்கும், மீன் ஓரளவு தாங்கும். அப்போது நீங்கள் நல்லெண்ணத்தோடு பெரிய அளவில் தண்ணீர் மாற்றுகிறீர்கள். குழாய்நீருக்குச் சுத்திகரிப்பு நிலையத்தில் சுண்ணாம்பு சேர்த்து பிஎச்சை ஏற்றி அனுப்புகிறார்கள், 7.5, 8 என்றுகூட வரும். 29 டிகிரி வெப்பத்தில் பிஎச் 6.5 இருக்கும்போது மொத்த அமோனியாவில் 0.2 விழுக்காடுதான் நச்சு வடிவம். 7.5 ஆனால் 2 விழுக்காட்டைத் தாண்டும். 8 ஆனால் 7 விழுக்காடு. அதே அமோனியா, அரை மணி நேரத்தில் பத்து மடங்கு நஞ்சு. "தண்ணீர் மாத்தினேன், மீன் செத்துப்போச்சு" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்; குளோரின்மேல் பழி விழும். பிஎச் சரிந்த தொட்டியில் முதலில் அமோனியாவை அளக்க வேண்டும், அப்புறம் பத்து விழுக்காடாகச் சின்னச் சின்னதாய் மாற்ற வேண்டும்.

இதற்குத் தீர்வு மலிவானது. கோரல் சிப் என்று மீன் கடையில் விற்கும் பவளத்துண்டை வலைப்பையில் போட்டு, சம்பில் நீர் ஓடும் இடத்தில் வையுங்கள். அரைக் கிலோவில் தொடங்கி, கேஎச் 2 முதல் 3 டிகிரி வரை நிலைக்கும்படி கூட்டிக்குறையுங்கள். பிஎச் இறங்க இறங்க அது தானாகக் கரைந்து கொடுக்கும். நடுநிலைக்கு மேல் ஏறினால் கரைவதும் குறையும். அவசரத்துக்குச் சமையல் சோடா: 700 லிட்டருக்கு 21 கிராம் போட்டால் ஒரு டிகிரி ஏறும். பண்ணையில் வளர்ந்த டிஸ்கஸுக்கு பிஎச் 6.5 முதல் 7.2 வரை தாராளமாகப் போதும். காட்டில் பிடித்த மீனோ, முட்டை பொரிக்க வைக்கும் ஜோடியோ இல்லாதவரை ஆர்ஓ இயந்திரத்தை நம் ஊரில் வாங்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: சேமிப்புப் பீப்பாய்

குழாயிலிருந்து நேரே தொட்டிக்கு விடாதீர்கள். பின்கட்டில் 200 லிட்டர் நீலப் பீப்பாய் இரண்டு, அல்லது 400 லிட்டர் பாலித் தொட்டி ஒன்று. அதில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் ஓட விட்டால் குளோரின் பறந்துவிடும், கரைந்த வாயுக்கள் சமநிலைக்கு வரும், பிஎச்சும் நிலைக்கும். குளோரினோடு அமோனியா சேர்ந்த குளோராமின் என்றால் காற்றுக்கு அசையாது. அதற்கு முறிமருந்து வேண்டும். எப்போது எது வரும் என்று தெரியாத நிலையில், குளோராமினையும் சமாளிக்கும் கண்டிஷனர் ஒரு புட்டி கைவசம் வைத்திருங்கள். பீப்பாய்க்கு முன்னால் 10 அங்குல ஹவுசிங் இரண்டு: ஒன்றில் 5 மைக்ரான் வண்டல் கார்ட்ரிஜ், இன்னொன்றில் கார்பன் பிளாக். குழாய் பழுதுபார்த்து மீண்டும் தண்ணீர் விடும் நாளில் தேநீர் நிறத்தில் வருமே, அதற்கு இது காவல்.

தண்ணீர் வெட்டுக்கும் இந்தப் பீப்பாய்தான் கைகொடுக்கும். 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூரில் மாசு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு நாள்கணக்கில் தண்ணீர் இல்லை. பினாங்கில் 2024 ஜனவரியில் சுங்கை டுவா நிலையத்தில் வால்வு மாற்றியபோதும் அதே கதை. வெட்டு அறிவிப்பு வந்ததும் பீப்பாயை நிரப்புங்கள், அன்றே ஒருமுறை தண்ணீர் மாற்றிவிட்டு மறுபடி நிரப்புங்கள், தீனியைக் கால் பங்காகக் குறையுங்கள். கணக்கு மேலே பார்த்ததுதான்: தீனி குறைந்தால் அமோனியாவும் குறையும்.

பீப்பாயை இறுக்க மூட வேண்டும், அல்லது கொசு நுழையாத வலை கட்ட வேண்டும். டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுவைக் கண்டுபிடித்தால் 1975ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சி அழிப்புச் சட்டத்தின்கீழ் சுகாதார அதிகாரிகள் அபராதம் போடுவார்கள். மீனுக்குப் போகும் தண்ணீர் என்பதால் கொசுப்புழு மருந்து போட்டுச் சமாளிக்கலாம் என்ற நினைப்பு வேண்டாம்.

மாடியிலிருக்கும் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து மத்தியானம் வரும் நீர் கை சுடும் அளவுக்கு இருக்கும். இரவிலோ காலையிலோ பீப்பாயை நிரப்பினால் இந்தத் தொல்லை இல்லை. பீப்பாயின் அடியில் ஒரு சின்ன சப்மெர்சிபிள் பம்ப், அதிலிருந்து தொட்டிவரை ஹோஸ். வாளி தூக்கும் வேலை மிச்சம்.

நான்காம் படி: ஃபில்டர்

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். ஆறடித் தொட்டிக்கு என் தேர்வு சம்ப்தான். கேனிஸ்டர் மோசமில்லை, ஆனால் அதன் மூடிய பெட்டிக்குள் மின்சாரம் நின்ற சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். மின்சாரம் திரும்பியதும் அந்தக் கெட்ட நீரை அப்படியே தொட்டிக்குள் தள்ளும். கேனிஸ்டர்தான் வைப்பேன் என்றால் ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள், நீண்ட மின்தடைக்குப் பிறகு திறந்து அலசாமல் ஓடவிடாதீர்கள். அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். ஃப்ளூவல் எஃப்எக்ஸ்6 பம்பின் வேகம் மணிக்கு 3500 லிட்டர். மீடியா (பாக்டீரியா தங்கும் வடிகட்டுப் பொருள்) வழியாகச் சுற்றும்போது 2130 என்று அந்த நிறுவனமே சொல்கிறது. எல்லா ஃபில்டருக்கும் இந்த இடைவெளி உண்டு.

சம்பின் இன்னொரு பலம் ஆக்சிஜன். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; 30 டிகிரியில் 7.5தான். மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் அதிலிருந்தே பங்கு போக வேண்டும். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற பாக்டீரியாவுக்கே நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை. நீர் அருவிபோல் விழுந்து மீடியா மேல் சொட்டிப் போகும் அமைப்பு, அதாவது டிரிக்கிள், சூடான ஊருக்கென்றே அமைந்த ஏற்பாடு. கார்பன் டை ஆக்சைடையும் வெளியேற்றிவிடும்.

சம்ப் நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். முழுக்க நிரப்பினால் 240 லிட்டர் பிடிக்கும், ஆனால் பாதிக்குச் சற்று மேல்தான் நீர் ஓட வேண்டும். காரணம், மின்சாரம் போனதும் தொட்டியின் மேல்மட்ட நீர், அது வழிந்து சம்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோவின் விளிம்புவரை கீழே இறங்கும். மூன்று சென்டிமீட்டர் இறங்கினால் 32 லிட்டர், குழாய்களில் நிற்பது இன்னொரு ஐந்து. அந்த 40 லிட்டருக்குச் சம்பில் எப்போதும் இடம் வேண்டும். சம்பிலிருந்து நீரை மேலே திருப்பும் ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு வெகு கீழே இருந்தால் சைஃபன் இழுத்து இன்னும் அதிகம் இறங்கும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சின்னத் துளை போட்டால் காற்று புகுந்து நின்றுவிடும். ஒருவழி வால்வை மட்டும் நம்பாதீர்கள், பாசி படிந்தால் மூடாது. எல்லாம் பூட்டிய பிறகு சுவிட்சை அணைத்து, சம்ப் நிரம்பி வழிகிறதா என்று நின்று பாருங்கள். மீன் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை இது.

தொட்டி செய்யச் சொல்லும்போதே மூலையில் ஓவர்ஃப்ளோ பெட்டியும், அடியில் மூன்று துளைகளும் கேளுங்கள். ஒன்றரை அங்குலத்தில் இரண்டு இறக்கம், ஓர் அங்குலத்தில் ஒரு ஏற்றம். முதல் இறக்கக் குழாயில் கேட் வால்வு வைத்து, காற்றில்லாமல் முழு நீராய் ஓடும்படி சரிசெய்தால் சத்தமே இருக்காது. இரண்டாவது சற்று உயரத்தில் சும்மா நிற்கும். முதலாவதில் இலையோ தீனியோ அடைத்தால் அது காப்பாற்றும். பணம் மிச்சம் பிடிக்கிறேன் என்று இந்த இரண்டாவது குழாயை விட்டுவிடாதீர்கள்.

சம்புக்குள் வரிசை இது. முதலில் வெள்ளைப் பஞ்சு அல்லது ஃபில்டர் சாக்ஸ். இதை மூன்று நாளுக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும். பஞ்சில் சிக்கிய எச்சம் வெளியே போகாதவரை தண்ணீரில்தான் இருக்கிறது. அடுத்து ஜப்பான் மேட் என்ற முரட்டு நார்ப்பாய் நான்கைந்து துண்டு, செங்குத்தாக. பிறகு பயோ மீடியா. இங்கேதான் கடைக்காரர்கள் நம்மை மயக்குவார்கள். கே1 என்ற பிளாஸ்டிக் வகை மீடியாவின் பாதுகாக்கப்பட்ட பரப்பு கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர். அதாவது 20 லிட்டரில் 10 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் நாளுக்கு 0.1 கிராம்தான் மாற்றும் என்று மிக எச்சரிக்கையாக வைத்தாலும் ஒரு கிராம் வரை தாங்கும். நம் தேவை 0.86. ஜப்பான் மேட்டின் பரப்பு இதற்கு மேல் உபரி. கிலோ நூற்றுக்கணக்கான வெள்ளி விலையுள்ள வளையங்கள் வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் இரண்டாவது பம்ப் வாங்குங்கள். கடைசி அறையில் ரிட்டர்ன் பம்ப், ஹீட்டர், கோரல் சிப் பை.

ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சம்பிலேயே சும்மா ஓடவிடுங்கள். புது மீனைத் தனிமைப்படுத்தும் தொட்டிக்கோ, நோய்வாய்ப்பட்ட மீனுக்கோ அன்றே எடுத்துப் போடலாம்.

ஐந்தாம் படி: பம்பும் நீரோட்டமும்

மணிக்கு 3000 முதல் 3500 லிட்டர் மேலே வந்தால் தொட்டி நீர் ஐந்து தடவைக்கு மேல் சுற்றும். டிஸ்கஸ் தட்டையான, உயரமான உடல்வாகு கொண்டது. வேகமான நீரோட்டத்தில் நாள் முழுக்க எதிர்நீச்சல் போட வைக்கக்கூடாது. சம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் ஏற்றுவதில் பம்பின் வேகம் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை போய்விடும் என்பதால் பெட்டியில் 5000, 6000 என்று இருப்பதை வாங்குங்கள். ஒரே பெரிய பம்பைவிட 3000 லிட்டர் பம்ப் இரண்டு மேல். ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். வெளிவாயைப் பின்சுவர் நெடுக ஸ்ப்ரே பாராக வைத்து நீர்மட்டத்தை அசைக்கும்படி திருப்புங்கள்.

ஆறாம் படி: ஹீட்டர், ஏர் பம்ப், யூவி, விளக்கு

நம் ஊரில் ஹீட்டர் எதற்கு என்று கேட்காதீர்கள். ஏர்கான் 24 டிகிரியில் ஓடும் ஹாலில் தொட்டி 25க்கு இறங்கும். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 வேண்டும். ஐந்து டிகிரி வித்தியாசத்தைத் தாங்க மூடிபோட்ட தொட்டிக்கு ஏறத்தாழ 125 முதல் 150 வாட் போதும். 300 வாட் ஹீட்டர் இரண்டு வைத்தால் தாராளம். 600 வாட்டில் ஒன்று வாங்கி அது அணையாமல் மாட்டிக்கொண்டால், இரவு எட்டு மணி நேரத்தில் தண்ணீர் ஐந்து டிகிரி ஏறிவிடும். 300 வாட் ஹீட்டர் ஒன்று அப்படி மாட்டிக்கொண்டால் இரண்டரை டிகிரிக்குள் நிற்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம். ஹீட்டரின் சொந்தத் திருகை 30இலும், தனி வெப்பக் கன்ட்ரோலரை 29இலும் வையுங்கள். ஒன்று தவறினால் மற்றது அணைக்கும். இரவில் மட்டும் ஏர்கான் போடும் வீட்டில் இந்த ஏற்றஇறக்கம்தான் மீனை நோயில் தள்ளும்.

ஏர் பம்ப் 35 வாட் அளவில் ஒன்று. இது ஆடம்பரமல்ல, மின்தடை நேரத்தில் கடைசித் துணை. அதைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், கீழே வைத்தால் தண்ணீர் பின்வாங்கி உள்ளே புகும்.

யூவி, அதாவது கிருமி கொல்லும் புற ஊதா விளக்கு, கட்டாயமில்லை. வைத்தால் 36 முதல் 55 வாட், ரிட்டர்னிலிருந்து பிரித்த மெதுவான கிளையில். நீரில் மிதக்கும் கிருமியைக் குறைக்கும், மீனின் செதிளில் ஒட்டிய புழுவைத் தொடாது. ஓராண்டு ஓடியதும் விளக்கை மாற்ற வேண்டும். நீலமாக எரிவதைப் பார்த்து வேலை செய்கிறது என்று நினைக்கக்கூடாது. தொட்டி விளக்கு மங்கலாக, எட்டு மணி நேரம். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஏழாம் படி: மின்சாரம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடி இடித்தால் வீட்டின் இஎல்சிபி (மின்கசிவில் தானாக அணையும் சுவிட்ச்) விழுவது புதிதல்ல. நீங்கள் வீட்டில் இருந்தால் தூக்கிவிடலாம். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தால்? பதிவுபெற்ற வயர்மேனை வைத்து, தொட்டிக்கென்று தனி வழி எடுத்து, அதற்கென 30 மில்லியாம்ப் ஆர்சிபிஓ (அந்த ஒரு வழியை மட்டும் அணைக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) போடுங்கள். சமையலறையில் ரைஸ் குக்கர் கசிந்தால் தொட்டியும் சேர்ந்து அணைய வேண்டியதில்லை. வீட்டுக்கே மின்னல் தடுப்பான் போட முடிந்தால் இன்னும் நல்லது. எல்லா வயரும் பிளக்குக்கு வருமுன் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். வழியும் நீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும்.

மாற்று மின்சாரம் தொட்டி முழுவதற்கும் வேண்டாம். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியும் சின்ன இன்வெர்ட்டரும் 35 வாட் ஏர் பம்பை ஏறத்தாழ ஒரு நாள் ஓட்டும். நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் ஏர் பம்ப் என்றால் இன்னும் நீளும். இந்தச் சாமான்களுக்குக் கோலாலம்பூரில் ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளைச் சுற்றினால் போதும். மின்சாரம் போனதும் தானாக மாறும் ரிலே வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். ஹீட்டரை இதில் சேர்க்காதீர்கள். நம் ஊரில் ஒரு நாளில் 700 லிட்டர் ஆபத்தான அளவுக்குக் குளிராது, ஆனால் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீரும்.

மாதாந்திரச் செலவு: இரண்டு பம்ப், ஏர் பம்ப், யூவி, விளக்கு, ஹீட்டரின் சராசரி எல்லாம் சேர்ந்து நாளுக்கு 5 யூனிட் சொச்சம், மாதம் 150 யூனிட். வாங்குமுன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள். டிஎன்பி மின்கட்டண பில் வந்த பிறகு விளக்குவது கடினம்.

எட்டாம் படி: ஓட்டிப் பழக்குவது

எல்லாம் பூட்டி, கசிவு பார்த்து, ஒரு வாரம் வெறும் நீரில் ஓடட்டும். பிறகு அமோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும்படி சேர்த்து மீனில்லாமல் சைக்கிள் செய்யுங்கள், அதாவது ஃபில்டரில் பாக்டீரியாவை வளர்த்தெடுங்கள். கேஎச் 4 டிகிரியில் இருக்கட்டும், இல்லையென்றால் பாதிவழியில் நின்றுவிடும். நம் வெயிலில் நான்கு வாரத்துக்குள் முடிவதுண்டு, ஆறும் ஆகலாம். சேர்த்த அமோனியா 24 மணி நேரத்தில் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யமாக நின்றால் தயார். நண்பர் வீட்டுப் பஞ்சைக் கொண்டுவந்து போட்டால் சீக்கிரம் முடியும், அவர் தொட்டியின் நோயும் கூடவே வரலாம். அவர் மீனைப் பார்த்து முடிவெடுங்கள்.

புது மீனை மூன்றடி வெறுந்தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் தனியே வையுங்கள். பிறகு ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள்.

மாட்டிதயக் கலவைதான் டிஸ்கஸுக்கு நல்லது என்று எழுதியிருப்பார்கள். நம்மில் பல வீடுகளில் அது படியேறாது. இறால், வெள்ளைமீன், பூண்டு அரைத்து உறைய வைத்த கலவையும் தரமான குருணைத் தீனியும் போதும். மீன் நன்றாகவே வளரும். எந்தக் கலவையானாலும் பத்து நிமிடத்தில் மிச்சத்தை உறிஞ்சி எடுங்கள். அடியில் மணல் போடாமல் விடுவதன் பெரிய பலன் இந்த இடத்தில்தான் தெரியும். அழகுக்கு மணல் வேண்டும் என்றால் ஒரு விரற்கடை ஆழத்துக்கு மேல் வேண்டாம்.

ஒன்பதாம் படி: புகையும் பயணமும்

டிங்கி பரவும் தாமானில் புகை அடிக்க ஆள் வருவார்கள். அந்தப் புகையில் இருக்கும் பைரித்ராய்டு மீனுக்குக் கொடிய நஞ்சு, ஏர் பம்ப் அதை அறையிலிருந்து உறிஞ்சி நேரே தண்ணீரில் கலக்கும். சத்தம் கேட்டதும் சன்னல்களை மூடி, ஏர் பம்பை அணைத்து, தொட்டியையும் சம்பையும் ஈரத்துணியால் போர்த்துங்கள். ரிட்டர்ன் பம்ப் ஓடட்டும். புகை அடங்கி வீட்டைக் காற்றாட விட்ட பிறகு திறக்கலாம். பூச்சி ஸ்ப்ரேக்கும் இதே விதி.

நான்கைந்து நாள் வெளியூர் போவதென்றால் முந்தின இரண்டு நாளும் தண்ணீர் மாற்றுங்கள், பஞ்சைக் கழுவுங்கள், கேஎச் பாருங்கள். வளர்ந்த டிஸ்கஸ் அத்தனை நாள் தீனியில்லாமல் தாங்கும். பக்கத்து வீட்டு அண்ணனிடம் சாவி கொடுப்பதானால் தீனி டப்பாவை ஒளித்துவைத்துவிட்டு, சம்பில் தண்ணீர் மட்டம் எந்தக் கோட்டில் நிற்க வேண்டும், ஆர்சிபிஓ எங்கே இருக்கிறது, விழுந்தால் எப்படித் தூக்குவது என்ற மூன்றை மட்டும் காட்டிவிட்டுப் போங்கள்.